வயிற்றுக்குள் ஒரு கருப்பு உருண்டை: சிரை அனியூரிசத்தைக் கோட்டை விடாமல் பிடிப்பது எப்படி

கணையத் தலைக்குப் பக்கத்தில் கருப்பாக, உருண்டையாக ஒன்று தெரிகிறது. ஓரம் வழவழவென்று இருக்கிறது, பின்பக்கம் வெளிச்சம் அடிக்கிறது. ஸ்கேன் அறைக்குப் புதிதாக வந்த யாருக்கும் முதலில் வாயில் வரும் வார்த்தை "சிஸ்ட்", அதாவது நீர்க்கட்டி. பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடும், அதுதான் சிக்கலே. நூறு தடவை சரியாக எழுதிய கை நூற்றியோராவது தடவையும் யோசிக்காமல் அதையே டைப் அடித்துவிடுகிறது.

நான் பிஜி இரண்டாம் வருடத்தில் அப்படித்தான் அடித்தேன். மேல்வயிற்றில் லேசான வலி என்று வந்த நடுத்தர வயது அம்மா ஒருவர். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்த நேரம். "கணையத் தலையை ஒட்டி 2.8 செ.மீ. நீர்க்கட்டி, சூடோசிஸ்ட் ஆக இருக்கலாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். சர்ஜரியில் அதைப் படித்துவிட்டு, ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்துவிடலாம் என்று தேதியும் கொடுத்துவிட்டார்கள். அன்று காலை ஊசிக்கு வழிகாட்ட வந்த சீனியர் அக்கா புரோபை வைத்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கலர் போட்டியா?" போடவில்லை. அவர் ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் பட்டனைத் தட்டினார். உருண்டைக்குள் பாதி சிவப்பு, பாதி நீலம், குளத்துச் சுழல் மாதிரி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. குடலில் இருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் சிரையின் வீக்கம், போர்ட்டல் வெயின் அனியூரிசம். ஊசித் தட்டு வந்த வழியே திரும்பிப் போனது. அக்கா அதற்கப்புறம் என்னைத் திட்டக்கூட இல்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இந்தக் கட்டுரை முழுக்க. ரேடியாலஜியில் புதிதாகச் சேர்ந்த பிஜிக்கள், ஸ்கேன் கற்றுக்கொள்ளும் மற்றத் துறை டாக்டர்கள், சிடி கன்சோலில் உட்காரும் டெக்னீஷியன்கள் எல்லோரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். வைத்தியம் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. அது சர்ஜன்கள் பாடு. நம் வேலை அதைக் கண்டுபிடிப்பது, சரியான பெயர் வைப்பது, அடுத்தவர் கையில் குழப்பமில்லாமல் கொடுப்பது.

முதலில், நாம் தேடுவது என்ன?

அனியூரிசம் என்றதும் உடம்பின் பெரிய தமனியான அயோர்ட்டாதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். சிரையில் வருவது வேறு சாதி. சிரையின் ஓரிடம் மட்டும், மூன்று அடுக்குச் சுவரோடு சேர்ந்தே, பை மாதிரியோ கதிர் மாதிரியோ புடைத்து நிற்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். நீளத்துக்கும் சுருண்டு வீங்கிய வேரிக்ஸ் இதில் சேராது. தமனியோடு ஓட்டை விழுந்து வீங்கிய சிரையும், சுவர் கிழிந்து வெளியே ரத்தம் தேங்கி நிற்கும் பொய் அனியூரிசமும் சேராது.

வயிற்றுக்குள் இருக்கும் பெரிய சிரைகளில் இது அதிகம் வருவது போர்ட்டல் வெயினிலும் அதன் கிளைகளிலும்தான். குறிப்பாக மூன்று இடங்கள்: மண்ணீரலில் இருந்து வரும் ஸ்பிளீனிக் வெயினும் குடலில் இருந்து வரும் எஸ்எம்வியும் சேரும் சந்திப்பு, போர்ட்டல் வெயினின் நடுத்தண்டு, கல்லீரல் வாசலில் அது இரண்டாகப் பிரியும் இடம். ஐவிசி என்று நாம் சொல்லும் கீழ்ப்பெருஞ்சிரையில் வருவது அதைவிடவும் அபூர்வம். இடுப்பில் இருக்கும் இலியாக் வெயின், சிறுநீரகத்தில் இருந்து வரும் ரீனல் வெயின்களிலும் வரலாம். ஒரு ரேடியாலஜிஸ்ட் தன் வாழ்நாளில் ஐவிசி அனியூரிசம் ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறுவது சாதாரணம்.

போர்ட்டல் வெயின் அனியூரிசத்தை முதலில் எழுதி வைத்தவர்கள் பார்ஸிலாயும் கிளெக்னரும், 1956-ல். அந்த நோயாளிக்கு அது வெடித்து, பித்தப்பைக்குள் ரத்தம் நிறைந்திருந்தது. அப்போதெல்லாம் ஏதாவது விபரீதம் ஆனால்தான் தெரியும். இப்போது வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்க வருபவரிடம் தற்செயலாகக் கண்ணில் படுகிறது.

ஏன் வருகிறது என்றால் இரண்டு வழி. ஒன்று பிறவியிலேயே: கருவில் போர்ட்டல் வெயின் உருவாகும்போது மறைந்துபோக வேண்டிய வலது விட்டெலைன் சிரையின் ஒரு துண்டு மறையாமல் தங்கி, சின்னப் பையாக இருந்து பிற்பாடு பெரிதாகிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். மற்றது பிற்பாடு வருவது: கல்லீரல் சுருங்கிப் போர்ட்டல் அழுத்தம் ஏறியவர்கள், கணைய அழற்சி வந்து சிரைச் சுவர் பலவீனமானவர்கள், அடிபட்டவர்கள், அந்தப் பக்கம் ஆபரேஷன் ஆனவர்கள்.

ஸ்கேனுக்கு முன்னால்

வெறும் வயிறு, குறைந்தது 6 மணி நேரம். வாயு தொந்தரவுக்காக மட்டும் இல்லை, சாப்பிட்டதும் போர்ட்டல் வெயினில் ஓட்டம் கூடி அதன் அகலமும் மாறும். இன்று சாப்பிட்டுவிட்டு வந்தவரையும் ஆறு மாதம் கழித்துப் பட்டினியாக வந்தவரையும் ஒப்பிட்டால் இல்லாத வித்தியாசம் தெரியும். தண்ணீர் குடிக்கலாம், பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்ல வேண்டாம்.

ஜெல் போடுவதற்கு முன் இரண்டு நிமிடம் பேசுங்கள். மஞ்சள்காமாலை வந்திருக்கிறதா, குடிப்பழக்கம் உண்டா, கணைய அழற்சி என்று ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாரா, வண்டியில் இருந்து விழுந்து வயிற்றில் அடிபட்டதா, ஒரு கால் மட்டும் வீங்குகிறதா, திடீரென்று மூச்சு வாங்கியதா. முதுகுத்தண்டில் டிஸ்க் ஆபரேஷன் ஆனதா என்றும் கேளுங்கள். "முதுகுக்கும் வயிற்று ஸ்கேனுக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்" என்பார்கள். இடுப்புத் தண்டுவட டிஸ்க்கை எடுக்கும்போது கருவி முன்பக்கம் தாண்டிப் போய்த் தமனியையும் சிரையையும் சேர்த்து ஓட்டை போடுவது அரிதாக நடக்கும். அந்த ஓட்டை வழியாகத் தமனி ரத்தம் பாய்ந்து ஐவிசியோ இலியாக் வெயினோ வீங்கி நிற்கும். அதற்கு வைத்தியமே வேறு.

புரோபை வைத்ததும்

கான்வெக்ஸ் புரோப், 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ், போதும். மேல்வயிற்றில் குறுக்காக வையுங்கள். கணையத்துக்குப் பின்னால் ஸ்பிளீனிக் வெயின் கிடைமட்டமாக ஓடும், தலை பெருத்த தலைப்பிரட்டை மாதிரி வலப்பக்கம் வந்து தடித்து எஸ்எம்வியோடு சேரும். அந்தச் சந்திப்பு எல்லோருக்குமே கொஞ்சம் உப்பலாகத்தான் இருக்கும். புதியவர்கள் முதல் தடவை "அனியூரிசம்!" என்று கத்துவது இங்கேதான், அது வேண்டாம். அங்கிருந்து சாய்வாக மேலே ஏறிக் கல்லீரல் வாசலுக்குப் போங்கள். அப்புறம் வலது விலா இடுக்கில் புரோபை வைத்து அதே சிரையை இன்னொரு கோணத்தில் பாருங்கள்.

கருப்பு உருண்டை கண்ணில் பட்டால் அதை உடனே அளக்கப் போகாதீர்கள், அதன் வாலைத் தேடுங்கள். இரண்டு பக்கமும் ஒரு குழாய் வந்து சேர்கிறதா, அல்லது ஒரு பக்கக் கழுத்து மட்டும் சிரையில் ஒட்டியிருக்கிறதா என்று மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் புரோபைச் சாய்த்துத் தொடர்ந்து போங்கள். நீர்க்கட்டிக்கு வால் கிடையாது. ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது: பிறவியிலேயே பித்தநாளம் பலூன் மாதிரி வீங்கும் கோலிடோக்கல் சிஸ்ட்டுக்கும் இரண்டு பக்கமும் குழாய் உண்டு, இடமும் கிட்டத்தட்ட அதே. பித்தநாளம் போர்ட்டல் வெயினுக்கு முன்னால் ஓடும் என்பது ஞாபகம் இருந்தால் பாதி விடை கிடைக்கும். மீதி கலரில்.

அடுத்து மூச்சு. "மூச்சை இழுங்க, விடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பாருங்கள். போர்ட்டல் வெயின் மூச்சை இழுக்கும்போது சற்றுப் பெருக்கும், ஐவிசி சுருங்கும். நீர்க்கட்டி இடம் மாறும், அளவு மாறாது. உள்ளே ரத்தம் உறையாத சிரை அனியூரிசம் மூச்சோடும் படுக்கும் நிலையோடும் கொஞ்சமாவது அளவு மாறும். படத்தின் பிரகாசத்தைக் கூட்டும் கெயினைச் சற்று ஏற்றிப் பார்த்தால் உள்ளே புகை மாதிரி ஏதோ மெல்ல நகர்வது தெரியலாம், மெதுவாக ஓடும் ரத்தம்தான் அது. வாயு மறைத்தால் இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்லி, வயிற்றில் தண்ணீர் நிற்கும் ஜன்னல் வழியாகப் பாருங்கள். கொஞ்சம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாலும் திறக்கும்.

கலர் போடுவது எப்படி என்று தெரிந்து போடுங்கள்

கலர் போட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பட்டனைத் தட்டுவது மட்டும் கலர் போடுவது ஆகாது. அனியூரிசத்துக்குள் ரத்தம் மந்தமாகச் சுற்றும். மெஷின் ஏற்கெனவே செட் ஆகியிருக்கும் ஸ்கேல், சாதாரணமாக ஓடும் சிரைக்கும் தமனிக்கும் ஏற்றது. அதை வைத்துக்கொண்டு பார்த்தால் உருண்டை கருப்பாகவே இருக்கும், நீங்களும் நிம்மதியாக "ஓட்டம் இல்லை, சிஸ்ட்" என்று எழுதிவிடுவீர்கள். நான் செய்தது தப்பு என்றால் இது அதைவிடப் பெரிய தப்பு, ஏனென்றால் இப்போது உங்கள் ரிப்போர்ட்டில் "டாப்ளர் பார்க்கப்பட்டது" என்ற முத்திரையும் இருக்கிறது, அதற்கப்புறம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அதனால் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பெட்டியை உருண்டை அளவுக்குச் சின்னதாக்குங்கள். பிஆர்எஃப் அல்லது ஸ்கேல் என்று எழுதியிருக்கும் குமிழைத் திருகி வேகத்தை இறக்கிக்கொண்டே வாருங்கள், செகண்டுக்கு 15 செ.மீ., 10, தேவைப்பட்டால் 5 வரைக்கும். மந்தமான அசைவை வடிகட்டிவிடும் வால் ஃபில்டரை (wall filter) குறைந்த நிலையில் வையுங்கள், பல மெஷின்களில் ஸ்கேலை இறக்கினால் அதுவே கூட இறங்கும், சிலதில் இறங்காது. கலர் கெயினை வெளியே புள்ளி புள்ளியாகத் தெறிக்கும் வரை ஏற்றி, அது மறையும் இடத்துக்கு ஒரு சொட்டு இறக்குங்கள். எல்லாவற்றுக்கும் மேல், கோணம்: புரோபில் இருந்து வரும் கற்றை ரத்த ஓட்டத்துக்குச் செங்குத்தாக விழுந்தால் எந்த செட்டிங்கும் உதவாது. மேல்வயிற்றில் இருந்து பார்த்துக் கலர் வரவில்லையா, விலா இடுக்குக்குப் போங்கள். அங்கே போர்ட்டல் ரத்தம் கிட்டத்தட்ட புரோபை நோக்கியே வரும், அழகாகச் சிவக்கும். இத்தனைக்கும் மசியவில்லை என்றால் பவர் டாப்ளர்.

இதில் எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. கணையத் தலையைச் சுற்றி அயோர்ட்டா, அதிலிருந்து குடலுக்குப் போகும் தமனியான எஸ்எம்ஏ என்று துடிப்பவை எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் துடிப்பில் பக்கத்து நீர்க்கட்டிக்குள் இருக்கும் நீரும் குலுங்கும், ஸ்கேல் மிகவும் கீழே இருந்தால் அந்தக் குலுக்கலே கலராக மின்னும். நிஜ சிஸ்ட்டுக்கு அனியூரிசம் என்று பெயர் வைத்துவிடுவோம். மின்னல் மாதிரி வந்து வந்து போனால் சந்தேகப்படுங்கள். ஒரே இடத்தில் நின்று சுழன்றால், அதாவது பாதி சிவப்பு பாதி நீலமாக அந்த யின்-யாங் வட்டம் நிலையாகத் தெரிந்தால், நம்பலாம்.

ரத்தம் என்று நம்பலாமே ஒழிய, சிரை என்று இன்னும் நம்ப முடியாது. அதே யின்-யாங் ஸ்பிளீனிக் தமனி அனியூரிசத்திலும், கணைய அழற்சிக்குப் பிறகு வரும் தமனிப் பொய் அனியூரிசத்திலும் வரும். அதற்குத்தான் அடுத்த படி.

அலையைப் பாருங்கள்

ஓட்டத்தின் வேகத்தை அலையாக வரைந்து காட்டும் பல்ஸ்டு டாப்ளர் கர்சரை உருண்டைக்குள்ளும், கழுத்திலும், இரண்டு பக்கக் குழாயிலும் தனித்தனியாக வையுங்கள். கோணத் திருத்தம் 60 டிகிரிக்குள். போர்ட்டல் ஓட்டம் என்றால் கோட்டுக்கு மேலே தொடர்ச்சியாக ஓடும் ஒரு தாழ்ந்த பட்டை, மூச்சோடு லேசாக அலையும், இதயத் துடிப்போடு மிகக் கொஞ்சம். வேகம் வழக்கமாக செகண்டுக்கு 16 முதல் 40 செ.மீ., அனியூரிசத்துக்குள் அதைவிடக் குறையும். ஐவிசி என்றால் இதயத்துக்கு அருகில் மேலும் கீழுமாக ஆடும் அலை, சிறுநீரகங்களுக்குக் கீழே மூச்சோடு மட்டும் ஏறி இறங்கும் அலை.

கூர்மையாகக் குத்திட்டு எழும் தமனி அலை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த நோயாளியின் கதை அவசரக் கதை, இந்தக் கட்டுரை அவருக்கானது இல்லை. சிரைதான், ஆனால் அலை தமனி மாதிரித் துடிக்கிறது, வேகமும் தாறுமாறாக இருக்கிறது, கலர் சுற்றியுள்ள திசுவுக்குள்ளும் சிதறுகிறது என்றால் தமனிக்கும் சிரைக்கும் இடையில் ஓட்டை இருக்கிறது. முதுகு ஆபரேஷன் பற்றிக் கேட்டோமே, அது இப்போது உதவும்.

அளப்பதும் பெயர் வைப்பதும்

எத்தனை மி.மீ. இருந்தால் அனியூரிசம்? போர்ட்டல் வெயினுக்குப் பலரும் 20 மி.மீ. என்கிறார்கள். இந்த எண் வந்த வழி சுவாரசியம். 1976-ல் டௌஸ்ட்டும் பியர்ஸும் வெளியிட்ட அளவுகள்: நல்ல உடம்புக்காரர்களுக்குப் போர்ட்டல் வெயின் அதிகபட்சம் 15 மி.மீ., கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு 19 மி.மீ. ஆகவே 20 தாண்டினால் இரண்டு கூட்டத்திலும் சேராது. வேடிக்கை என்னவென்றால் அந்தக் கட்டுரையே கணையத்தைப் பற்றியது, போர்ட்டல் அளவு அதில் ஓரமாக வந்த ஒன்று. அரை நூற்றாண்டாக நாம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

என் அபிப்பிராயத்தில் எண்ணைவிட உருவம் முக்கியம். கல்லீரல் சுருங்கியவருக்குப் போர்ட்டல் வெயின் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே மாதிரி 18, 19 மி.மீ. இருந்தால் அது அழுத்தத்தால் விரிந்த சிரை, அனியூரிசம் இல்லை. நல்ல கல்லீரல் உள்ள ஒல்லியான பெண்ணுக்கு இரண்டு பக்கமும் 9 மி.மீ. ஓடி நடுவில் மட்டும் 19 மி.மீ. உப்பினால், எண் 20-ஐத் தொடவில்லை என்பதற்காகச் சும்மா விட மாட்டேன். எழுதும்போது இரண்டு எண்ணும் எழுதுங்கள்: புடைத்த இடம் எவ்வளவு, பக்கத்துச் சாதாரண இடம் எவ்வளவு. அளக்கும் முறையும் ஒன்றாக இருக்கட்டும், உள்சுவரில் இருந்து உள்சுவர், சாதாரண மூச்சில், சிரையின் ஓட்டத்துக்குச் செங்குத்தாக. சாய்வாக வெட்டினால் எந்தச் சிரையும் அனியூரிசம் மாதிரி முட்டை வடிவில் தெரியும். வெண்டைக்காயை நேராக நறுக்குவதற்கும் சாய்த்து நறுக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

உள்ளே ரத்தம் உறைந்திருக்கிறதா

சிரை அனியூரிசத்தில் பயப்பட வேண்டியது வெடிப்பை விட உறைவைத்தான். புது உறைவு கிட்டத்தட்ட கருப்பாகவே இருக்கும், சாதாரணப் படத்தில் தெரியாது. கலர் ஓரம் வரைக்கும் நிரம்புகிறதா, எங்கேயாவது ஒரு பிறை வடிவம் விட்டுப்போகிறதா என்று பாருங்கள். விட்டுப்போனால் மேலே சொன்ன செட்டிங் எல்லாவற்றையும் திரும்ப ஒரு சுற்று மாற்றிவிட்டு அப்புறம் உறைவு என்று சொல்லுங்கள்.

முழுக்க உறைந்துவிட்டால் கதை தலைகீழாகிவிடும். கலரே வராது. கல்லீரல் வாசலில் அரைக்கருப்பாக ஒரு திடக்கட்டி இருக்கிற மாதிரி தெரியும், கணையக் கட்டி, நெறிக்கட்டி என்று மனது ஓடும். அப்போதும் காப்பாற்றுவது வாலைத் தேடும் பழக்கம்தான்: கட்டியின் இரண்டு முனையும் போர்ட்டல் வெயினுக்குள் போய் முடிகிறதா, போர்ட்டல் வெயின் என்று தனியாக ஒன்றைக் காட்ட முடிகிறதா? காட்ட முடியவில்லை என்றால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் கட்டியே அதுதான். கல்லீரல் நோயாளியாக இருந்தால் உறைவுக்குள் தமனி அலை கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் அது வெறும் உறைவு இல்லை, கல்லீரல் புற்று சிரைக்குள் வளர்ந்து வந்திருக்கலாம்.

ஐவிசி, இலியாக் வெயின் பக்கம் உறைவு இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் புரோபால் அமுக்கி அமுக்கிப் பார்க்காதீர்கள். அங்கிருந்து கிளம்பும் துண்டு நேராக நுரையீரலுக்குப் போகும்.

கையோடு சுற்றுப்புறத்தையும் பாருங்கள்: மண்ணீரல் அளவு, கல்லீரலின் ஓரம், வயிற்றில் நீர், பக்கவழிச் சிரைகள், பித்தநாளம் நசுங்கி மேலே விரிந்திருக்கிறதா. இவை காரணத்தையும் சொல்லும், விளைவையும் சொல்லும்.

சிடியா, எம்ஆர்ஐயா

அல்ட்ராசவுண்டில் தெளிவாகத் தெரிந்து, நோயாளிக்குத் தொந்தரவும் இல்லை என்றால்கூட ஒரு தடவை சிடியில் முழு வரைபடம் எடுத்து வைப்பது நல்லது. சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் பார்த்துவிட்டு, ரத்தக் குழாய்களை வெள்ளையாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து. டெக்னீஷியன் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மருந்து போர்ட்டல் வெயினை எட்டும் போர்ட்டல் ஃபேஸ் மட்டும் எடுத்து முடித்துவிடாதீர்கள். மருந்து தமனிகளில் இருக்கும் ஆர்ட்டீரியல் ஃபேஸ், ஊசி போட்ட 25 முதல் 35 செகண்டில். அப்போதே போர்ட்டல் வெயினோ ஐவிசியோ அயோர்ட்டா மாதிரி வெள்ளையாகிவிட்டால் நடுவில் ஓட்டை இருக்கிறது, அது வேறு ஃபேஸில் தெரியாது. தமனி அனியூரிசமா என்ற சந்தேகமும் இங்கேயே தீரும். போர்ட்டல் ஃபேஸ் 70 செகண்டுக்கு அருகில். அதில் அனியூரிசம் பக்கத்துப் போர்ட்டல் வெயின் எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவே வெளுக்கும். கணையத்தில் வரும் நியூரோஎண்டோக்ரைன் கட்டி ஆர்ட்டீரியல் ஃபேஸிலேயே முந்திக்கொண்டு வெளுக்கும் வகை, அதனால் இரண்டு ஃபேஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏமாற மாட்டோம்.

குறுக்கு வெட்டுப் படத்தோடு நிறுத்த வேண்டாம். கொரோனலில், அதாவது முன்பக்கம் இருந்து பார்க்கும் நெடுக்கு வெட்டில், சிரையின் முழு நீளத்தையும் போட்டுப் பார்த்தால், குறுக்கில் நெறிக்கட்டி மாதிரித் தெரிந்தது குழாயின் தொடர்ச்சி என்பது ஒரே பார்வையில் தெரியும்.

கான்ட்ராஸ்ட் கொடுக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள், அடிக்கடி திரும்ப எடுக்க வேண்டியவர்கள், இவர்களுக்கு எம்ஆர்ஐ. மருந்தே இல்லாமல் ஓடும் ரத்தத்தை வெள்ளையாகக் காட்டும் சீக்வென்ஸ்கள் இருக்கின்றன. சில சீக்வென்ஸில் ஓடும் ரத்தம் கருப்பாகவும் மந்தமாகச் சுழலும் ரத்தம் சாம்பலாகவும் வரும், அந்தச் சாம்பலை உறைவு என்று எழுதிவிடக் கூடாது.

ஐவிசி தனிக்கதை

போர்ட்டலைவிட ஐவிசியில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். முதல் காரணம் அதன் சுபாவம்: மூச்சுக்கு மூச்சு அளவு மாறும், நீர் குறைந்தால் தட்டையாகும், வலது பக்க இதயம் தளர்ந்தால் நீளத்துக்கும் உப்பும். முழு ஐவிசியும் கல்லீரல் சிரைகளும் சேர்ந்து பெருத்திருந்தால் எக்கோவுக்கு அனுப்புங்கள், அது இதயத்தின் வேலை. ரீனல் வெயின்கள் வந்து சேரும் மட்டத்தில் ஐவிசி இயல்பாகவே கொஞ்சம் அகலம், அதையும் விடுங்கள்.

இரண்டாவது காரணம் சிடி செய்யும் மாயம். கை சிரையில் போட்ட கான்ட்ராஸ்ட் சிறுநீரகம் வழியாகச் சீக்கிரம் திரும்பி வந்துவிடும், கால் வழியாகத் திரும்ப நேரம் ஆகும். 70 செகண்டில் பார்த்தால் சிறுநீரகங்களில் இருந்து வெள்ளை ரத்தமும் காலில் இருந்து கருப்பு ரத்தமும் ஐவிசிக்குள் பாலும் டிகாஷனும் கலக்காமல் ஊற்றிய மாதிரி வரி வரியாக ஓடும். நடுவில் நிற்கும் கருப்பு அச்சு அசல் உறைவு மாதிரியே இருக்கும். அனியூரிசம் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், சுழற்சியில் கலப்பு இன்னும் தாமதம். 90 முதல் 120 செகண்டில், தேவைப்பட்டால் 3 நிமிடத்தில் இன்னொரு தடவை எடுங்கள். அப்போதும் கருப்பு அதே இடத்தில் அதே வடிவத்தில் நின்றால் அது உறைவு. இதைச் செய்யாமல் ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தை ஆரம்பித்த கேஸ்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, பிறவி அமைப்பு வேறுபாடுகள். அயோர்ட்டாவுக்கு இடப்பக்கம் உருண்டையாக ஒன்று தெரிந்தால் அது இரட்டை ஐவிசியின் இடது கிளையாக இருக்கலாம், மேலே தொடர்ந்து போனால் இடது ரீனல் வெயினில் போய்ச் சேரும். எஸ்எம்ஏவுக்கும் அயோர்ட்டாவுக்கும் நடுவில் இடது ரீனல் வெயின் நசுங்கி, சிறுநீரகப் பக்கம் வீங்கி நிற்பதும் அனியூரிசம் இல்லை. ஐவிசியின் கல்லீரல் பகுதியே இல்லாமல் ரத்தம் அஸைகஸ் சிரை வழியாக மார்புக்குப் போவதும் உண்டு, அப்போது உதரவிதானக் காலுக்குப் பின்னால் பெருத்த அஸைகஸ் நெறிக்கட்டி வேஷம் போடும்.

இந்தக் கடைசி விஷயம் முக்கியம், ஏனென்றால் ஐவிசி அனியூரிசத்தைப் பிரிப்பதே இதை வைத்துத்தான். 1993-ல் கிராட்மனும் ஸ்டைன்பெர்க்கும் நாலு வகையாகப் பிரித்தார்கள். முதல் வகை கல்லீரலுக்கு மேலே, அடைப்பு எதுவும் இல்லாமல். இரண்டாம் வகை, கல்லீரல் சிரைகளுக்கு மேலேயோ கீழேயோ ஐவிசி அறுந்து நிற்பதோடு சேர்ந்து வருவது. மூன்றாம் வகை சிறுநீரகங்களுக்குக் கீழே, வேறு சிரைக் கோளாறு இல்லாமல். இந்த மூன்றிலும் அடங்காதது நான்காம் வகை. முதல் வகையைப் பொதுவாகக் கவனித்துக்கொண்டே இருக்கலாம், மற்றவற்றில் உறைவும் நுரையீரலுக்குப் போகும் ஆபத்தும் இருப்பதால் வாஸ்குலர் சர்ஜனிடம் பேச்சு வேறு மாதிரிப் போகும். ஆகவே ரிப்போர்ட்டில் வெறுமனே "ஐவிசி அனியூரிசம்" என்று எழுதாமல், ரீனல் வெயினுக்கு மேலா கீழா, கல்லீரல் சிரைகள் எங்கே சேர்கின்றன, மேலே ஐவிசி இருக்கிறதா என்று எழுதுங்கள். இரண்டு காலுக்கும் டாப்ளர் பார்த்துவிடுங்கள். மூச்சுத்திணறல் சொன்னால் நுரையீரல் தமனி சிடியும்.

ரிப்போர்ட்டும் நோயாளியும்

ரிப்போர்ட்டில் எந்தச் சிரை, எந்த இடம், பையா கதிரா, மூன்று திசையில் அளவு, பக்கத்துச் சிரையின் அளவு, ஓட்டத்தின் திசை, உறைவு உண்டா இல்லையா, எதை நசுக்குகிறது, காரணமாக என்ன தெரிகிறது என்று இருக்கட்டும். அளந்த படத்தைக் கர்சரோடு சேமியுங்கள். அடுத்த தடவை அளக்கப்போவது நீங்களாக இருக்க மாட்டீர்கள், அவருக்கு எங்கே வைத்து அளந்தீர்கள் என்று தெரிய வேண்டும். முடிவுரையில் "ஊசி, பயாப்ஸி கூடாது" என்று தனி வரியாக எழுதுங்கள், பெரிய எழுத்தில் எழுதினாலும் தப்பில்லை. எண்டோஸ்கோபியில் சிறுகுடலின் தொடக்கமான டியோடினத்தை வெளியே இருந்து எதுவோ தள்ளுவது தெரிந்து அங்கே கிள்ளிப் பார்க்க நினைப்பவருக்கும் அந்த வரி போய்ச் சேர வேண்டும். இதை மட்டும் ரிப்போர்ட்டோடு விடாமல் அனுப்பிய டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவது என் வழக்கம்.

நோயாளிகள் அனியூரிசம் என்ற வார்த்தையை வெளியே போவதற்குள் போனில் தேடிவிடுவார்கள், வெடிக்கும் அயோர்ட்டா படங்கள்தான் வரும். "வெடிச்சிருமா டாக்டர்?" என்று திரும்பி வருவார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: தமனியில் அழுத்தம் சராசரி 90 மி.மீ. பாதரசத்துக்கு அருகில், போர்ட்டல் வெயினில் சாதாரணமாக 5 முதல் 10 தான். மோட்டார் பைப்புக்கும் வாய்க்காலுக்கும் உள்ள வித்தியாசம். வெடிப்பது மிக அபூர்வம், ஆனால் பெரிதாகிறதா, உள்ளே ரத்தம் உறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தொந்தரவு இல்லாத போர்ட்டல் வெயின் அனியூரிசத்துக்கு எங்கள் பழக்கம் முதலில் 6 மாதத்தில் ஒரு டாப்ளர், மாற்றம் இல்லை என்றால் வருடம் ஒருமுறை. திடீர் வயிற்றுவலி, கருப்பாக மலம் போவது, ரத்த வாந்தி, மஞ்சள்காமாலை, இதில் எது வந்தாலும் அந்தத் தேதிக்குக் காத்திருக்காமல் வரச் சொல்வேன். ஐவிசிக்காரர்களுக்குக் கால் வீக்கமும் மூச்சு வாங்குவதும் இந்தப் பட்டியலில் சேரும்.

அந்த அம்மா பல வருடம் தவறாமல் வந்தார். ஒவ்வொரு தடவையும் பழைய ஃபிலிம்களை ஒரு துணிப்பையில் சுற்றிக் கொண்டுவருவார், அதில் என் முதல் ரிப்போர்ட்டும் இருக்கும். அளவு 28, 28, 29, 28 என்றே நின்றது. ஃபிலிமைப் பிரித்து மேஜையில் வைத்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே சட்டென்று படுத்து மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார். "இல்லம்மா, சாதாரணமா மூச்சு விடுங்க" என்று ஒவ்வொரு வருடமும் சொல்ல வேண்டியிருந்தது.